பிராங்க் பெர்னாண்ட்

பிராங்க் பெர்னாண்ட் (3 மே 1919 – 1 ஏப்ரல் 2007): கோவாவில் பிறந்து பம்பாயில் தொழில் செய்த ஜாஸ் டிரம்பெட் கலைஞர். இந்தித் திரையிசையில் அனில் பிஸ்வாஸ், ஹேமந்த் குமார், கிஷோர் குமார் முதலியோருக்கு உதவியாளராக இருந்த அரேஞ்சர். ‘ஆம்செம் நொசீப்’ (1963), ‘நிர்மோண்’ (1966) என்னும் இரண்டு கொங்கணிப் படங்களைத் தயாரித்து, அவற்றுக்கு இசையும் அமைத்தவர். இயற்பெயர் பிராங்க்ளின் பெர்னாண்டஸ். மேடையில் டிரம்பெட் ஊதியபோது அவரை ஆட்கள் பார்த்தார்கள். ஸ்டுடியோவில் அடுத்தவர் டியூனுக்கு வாத்தியம் பிரித்து எழுதியபோது யாரும் பார்க்கவில்லை. படம் எடுத்தபோதுதான் இசை என்ற இடத்தில் அவர் பெயர் திரையில் விழுந்தது. இந்திய ஜாஸ் கலைஞர்கள் ஒரு தலைமுறை முழுக்க நடந்த பாதை இதுதான்; கடைசிப் படியில் கால் வைத்தவர்கள் மட்டும் வெகு சிலர்.

ஊரும் முதல் பாடமும்

பெர்னாண்டின் ஊர் தெற்குக் கோவாவின் உட்பகுதியில் உள்ள குர்ச்சோரெம். மர்மகோவா துறைமுகத்திலிருந்து மலையேறி ஹூப்ளி போகும் ரயில்பாதையில், கனிமம் ஏற்றும் ஊர். கடற்கரைக் கோவாவின் பகட்டு அங்கே கிடையாது. ஆனால் மாதா கோயில் இருந்தது, கோயிலை ஒட்டி இசைப் படிப்பும் இருந்தது. அவர் வயலினும் டிரம்பெட்டும் ஊரிலேயே கற்றார்.

கோவா 1510 முதல் 1961 டிசம்பர் வரை போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. பங்குக் கோயில்தோறும் சிறுவர்களுக்கு இசை சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் நடந்தன. பாடம் வாயால் ஸ்வரம் சொல்வதில் தொடங்கும். தாளத்தைக் கையால் போட்டுக்கொண்டு, ஐந்து கோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டும். அது கைவந்த பிறகே வயலின் கையில் தருவார்கள். பூசைக்குப் பாடகர் குழுவும் திருநாளுக்கு வாத்தியக் குழுவும் வேண்டும், அதற்கு ஆள் தயாரிப்பதுதான் இந்தப் படிப்பின் நோக்கம். விளைவோ வேறு. நொட்டேஷன் படிக்கத் தெரிந்த பையன்கள் ஊருக்கு ஊர் பெருகினார்கள், அவர்களுக்குச் சோறு போடும் தொழில் கோவாவில் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. ராணுவ பேண்டு, சமஸ்தான பேண்டு, கப்பல், ஊமைப்படக் கொட்டகை, வெள்ளைக்கார ஓட்டல் என எங்கெல்லாம் காகிதத்தைப் பார்த்து வாசிக்க ஆள் தேவைப்பட்டதோ அங்கெல்லாம் கோவாக்காரர் போய் உட்கார்ந்தார்.

தமிழ்நாட்டிலும் பித்தளை வாத்தியம் இதே இரண்டு வாசல் வழியாகத்தான் வந்தது: படையும் பங்குக் கோயிலும். தஞ்சையில் சரபோஜி மன்னர் அரண்மனை பேண்டு வைத்திருந்தார். 1792-ல் திப்புவிடமிருந்து கும்பினி கைக்குப் போன திண்டுக்கல் கோட்டையில் படை தங்கியிருந்தது. திண்டுக்கல் வட்டாரத்து மாரம்பாடி அந்தோணியார் திருவிழாவிலும் பஞ்சம்பட்டித் தேர் பவனியிலும் டிரம்பெட், கிளாரினெட், பேஸ் டிரம்மோடு நடந்து வரும் பேண்டு செட், கோவாத் திருநாள் பேண்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஆனால் திண்டுக்கல் பக்கத்தில் இந்த வாசிப்பு பெரும்பாலும் காதால் பிடித்து, அண்ணன் தம்பிக்கும் மாமன் மருமகனுக்கும் கைமாறி வந்தது. கோவாவில் அது எழுத்தாக வந்தது. இந்தியத் திரையிசையின் வரலாற்றில் இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது பெர்னாண்டின் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும்.

பம்பாயில் ஜாஸ்

அவர் இளைஞராக பம்பாய்க்கு வந்த 1930களின் பிற்பகுதி, அந்த நகரத்துக்கு ஜாஸ் பித்துப் பிடித்திருந்த நேரம். 1935-ல் லியோன் அபே என்ற கறுப்பின வயலின் கலைஞர் அமெரிக்காவிலிருந்து தம் குழுவோடு வந்து தாஜ்மகால் ஓட்டலில் வாசித்தார். முழுவதும் கறுப்பினக் கலைஞர்கள் கொண்ட ஜாஸ் குழுவை பம்பாய் பார்த்தது அப்போதுதான். அவரைத் தொடர்ந்து கார்னெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித் வந்தார். பிறகு பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்ட் பொறுப்பேற்றார். தங்கள் நாட்டில் வெள்ளையருக்கான ஓட்டலுக்குள் முன்வாசல் வழியாக நுழைய முடியாத இந்தக் கலைஞர்களுக்கு பம்பாயிலும் கல்கத்தாவிலும் அறையும் மரியாதையும் கிடைத்தன. அதே ஓட்டல்களில் இந்தியர் நிலை என்ன என்பது வேறு கதை.

இந்தக் குழுக்களுக்கு உள்ளூர் ஆள் தேவைப்பட்டது, கோவாக்காரர்கள் சேர்ந்தார்கள். பெர்னாண்ட் வெதர்ஃபோர்டின் குழுவில் வாசித்தார். கறுப்பினக் கலைஞர்களைப் போல வாசிக்கக் கற்றது அங்கேதான் என்று பிற்காலத்தில் அவர் சொன்னதுண்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கோயில் பள்ளியில் கற்றவன் காகிதத்தில் உள்ளதை ஒரு புள்ளி பிசகாமல் வாசிப்பான், அதுவே அவன் பெருமை. ஜாஸில் அது பாதிதான். எழுதியிருப்பதைக் கொஞ்சம் பின்தள்ளி வாசிக்க வேண்டும். எழுத்து முடிந்த இடத்தில் சொந்தமாகக் கற்பனை செய்ய வேண்டும். நம் பக்கம் சொன்னால், சாகித்தியம் சுத்தமாகப் பாடத் தெரிந்தவன் நிரவலுக்கும் கற்பனாஸ்வரத்துக்கும் துணிவது போன்ற வேலை. அதை வெதர்ஃபோர்ட் போன்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிடிக்க முடியும். வெதர்ஃபோர்ட் 1945 ஏப்ரலில் கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். அவரிடம் வாசித்தவர்கள் நாடெங்கும் சிதறி, தனித்தனிக் குழுக்களில் அந்தப் பாணியைக் கொண்டுசென்றார்கள்.

டிரம்பெட்டில் மூன்றே பொத்தான்தான். அவற்றை அழுத்தும் விதங்களில் கிடைக்கும் குழல் நீளம் ஏழு. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் உதட்டு இறுக்கத்திலும் மூச்சின் வேகத்திலும் வர வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்தினால் ஸ்வரம் வழுக்கும். மணிவாயில் ரப்பர் மூடியை வைத்துத் திறந்து மூடினால் மனிதன் பேசுகிற மாதிரி கேட்கும். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு இதையெல்லாம் கற்றவர்கள் பம்பாயில் பலர். அவர்களில் ‘இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்’ என்றே பெயர் வாங்கியவர் சிக் சாக்லேட். கோவாவின் ஆல்டோனாவில் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ் என்பவர்தான் அவர். வெயில் காலத்தில் இவர்களுடைய பிழைப்பு மலையேறிவிடும். துரைமார்களும் ராஜாக்களும் சிம்லாவுக்கும் முசூரிக்கும் போவார்கள், பேண்டும் பின்னாலேயே போகும்.

பெர்னாண்ட் முசூரியில் ரூடி காட்டன் குழுவில் இருந்தார். ரூடி காட்டன் என்பது மேடைப்பெயர். ஆள் பார்சிக்காரர், காவஸ்ஜி கட்டாவு, கைதேர்ந்த சாக்ஸபோன் கலைஞர். 1946 கோடையில் காந்தி முசூரிக்கு வந்தார். அவரை அங்கே சந்தித்தது பெர்னாண்டின் மனத்தைத் திருப்பியது. அமெரிக்க இசையை அப்படியே திருப்பி வாசித்துக்கொண்டிருப்பது எத்தனை காலத்துக்கு என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. இந்திய இசையையும் ஜாஸையும் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. கோட்டு சூட்டு போட்டு, வெள்ளைக்காரன் நடனமாட டிரம்பெட் ஊதும் இளைஞன் காந்தியைப் பார்த்துவிட்டுத் தன் ராகத்தைத் தேடப் போனான் என்றால் நாடகம் போலத் தோன்றும். அந்த ஆண்டுகளில் அப்படிப் போனவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். வயலின் கலைஞர் அந்தோணி கொன்சால்வெஸும் (1927–2012) இதே தேடலில் இருந்தவர். ராகங்களை வைத்துச் சிம்பொனி எழுதி, 1958-ல் பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் லதா மங்கேஷ்கரையும் மன்னா டேயையும் கொண்டு கச்சேரி நடத்திக் காட்டினார்.

அரேஞ்சர்

நாடு விடுதலையானதும் துரைமார்கள் கப்பலேறினார்கள். சமஸ்தானங்கள் போயின, அவற்றோடு பேண்டுகளும் போயின. பம்பாய் மாகாணத்தில் 1949-ல் மதுவிலக்குச் சட்டம் வந்தது. குடி இல்லாத ஓட்டலில் நடனம் எவ்வளவு நேரம் நடக்கும்? இரவு வாசிப்பு குறைந்துகொண்டே வந்தபோது, பகல் வாசிப்புக்கு ஒரு புது முதலாளி கிடைத்தார்: சினிமா.

1930களின் இந்திப் படப் பாட்டில் வாத்தியங்கள் பெரும்பாலும் பாடகரை ஒட்டியே, ஒரே ஸ்வரத்தில் கூட வரும். 1940களின் கடைசியில் தயாரிப்பாளர்களுக்குப் பெரிய சத்தம் தேவைப்பட்டது. முப்பது வயலின், செல்லோ, சாக்ஸபோன், டிரம்பெட். முப்பது வயலினுக்கும் ஒரே நேரத்தில் வாயால் டியூன் சொல்லிக்கொடுக்க முடியாது. எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் கோவாக்காரர்கள், எழுதியதைப் படித்து வாசிக்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஸ்டுடியோக் கதவு அவர்களுக்குத் திறந்தது இப்படித்தான்.

வேலை நடந்த விதம் இது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தோடு உட்காருவார், பாடலாசிரியரும் இயக்குநரும் எதிரே இருப்பார்கள். டியூன் பிறந்து, ‘சரி’ என்று தலையசைத்ததும் அரேஞ்சரின் நேரம். அவர் டியூனைக் கேட்டுக்கொண்டே ஐந்து கோட்டுத் தாளில் எழுதிக்கொள்வார். முகப்பு இசை, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இன்டர்லூட், பாட்டுக்கு அடியில் ஓடும் வயலின், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பதில் சொல்லும் குழல் என்று இவற்றில் பெரும்பகுதி அரேஞ்சர் கையால் பிறப்பவை. பிறகு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாள் எழுதுவதில் உள்ள சிக்கலைக் கட்டைக் கணக்கிலேயே காட்டலாம். இசையமைப்பாளர் ஒரு கட்டையில் பாடிக்காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயலினுக்கு அதை அப்படியே எழுதலாம். டிரம்பெட்டுக்கு முடியாது. டிரம்பெட்காரர் தாளில் ஒரு கட்டை ‘ஸ’ என்று பார்த்து ஊதினால் வாத்தியத்திலிருந்து கீழே ஆறரைக் கட்டை கேட்கும். அதன் குழல் அளவு அப்படி. ஆகவே அவருக்கு மட்டும் முழுப் பாட்டையும் இரண்டு கட்டைக்கு ஏற்றி எழுத வேண்டும். ஆல்டோ சாக்ஸபோனுக்கு இன்னொரு கணக்கு. பாடகருக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்குங்கள் என்று கடைசி நேரத்தில் சொன்னால் எல்லாத் தாளும் திரும்ப எழுதப்படும். இதெல்லாம் தெரிந்த டிரம்பெட்காரர் அரேஞ்சராக இருப்பது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த ஸ்வரத்தில் டிரம்பெட் முரடாகும், எங்கே உதடு களைத்துப் போகும் என்பது அவருக்குக் காகிதத்தில் படித்த விஷயம் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ராகம். ஐந்து கோட்டில் ஸ்வரங்களை நிறுத்தி வைக்கலாம்; ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழைந்து போகும் வழியை எழுதுவது கடினம். இந்துஸ்தானிப் பாடகர் இழுக்கிற ‘மீண்டு’, நம் நாதஸ்வரம் கொடுக்கிற கமகம் இரண்டுமே தாளில் சரியாக உட்காரா. இன்னொரு பக்கம், மேலைநாட்டு முறையில் ஒரு ராகத்துக்கு அடியில் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவிட்டால், ராகத்துக்கு ஆகாத ஸ்வரம் எட்டிப் பார்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டதில்தான் 1950களின் இந்திப் பாட்டின் தனி வாசனை இருக்கிறது. முசூரியில் பெர்னாண்ட் கேட்டுக்கொண்ட கேள்விக்குச் சரியான விடை கச்சேரி மேடையில் கிடைக்கவில்லை, சினிமாவில்தான் கிடைத்தது என்பது என் கருத்து. உயர்ந்த ரசனைக்காரர்கள் அப்போது அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அவர் உதவி செய்த மூவருமே மூன்று தினுசு. அனில் பிஸ்வாஸ் இந்தித் திரையிசையில் பெரிய வாத்தியக்குழுவுக்கு வழி திறந்தவர்களில் முன்னவர். ஹேமந்த் குமார் ரவீந்திர சங்கீதத்தில் ஊறிய வங்காளிப் பாடகர். கிஷோர் குமார் முறையாக இசை படித்தவரே அல்லர். அப்படிப்பட்டவர் ‘ஜும்ரூ’ (1961) போன்ற படங்களுக்கு இசையமைக்க முன்வந்த காலத்தில், அவர் மனத்தில் ஓடுவதைத் தாளில் இறக்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். சிக் சாக்லேட் இதே வேலையை சி. ராம்சந்திராவிடம் செய்தார். இந்த ராம்சந்திரா தமிழுக்குப் புதியவர் அல்லர்; ‘ஜெயக்கொடி’, ‘வனமோகினி’ என்ற தமிழ்ப் படங்களில் தொடங்கி, பிறகு ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னுக்கும் (1958) இசையமைத்தவர். செபாஸ்டியன் டிசூசா ஓ.பி. நய்யருக்கும் சங்கர்-ஜெய்கிஷனுக்கும் எழுதினார்.

டைட்டிலில் இவர்கள் ‘உதவி’ என்று வருவார்கள்; பல நேரம் அதுவும் இல்லை. இசைத்தட்டு உறையில் இடமே கிடையாது. சென்னையிலும் நிலைமை இதுவேதான். எம்.எஸ். விஸ்வநாதனின் படங்களில் ‘உதவி’ என்ற சிறிய எழுத்தில் வரும் கோவர்த்தனம், ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா ஆகியோரின் பங்கு என்ன என்று கேட்டவர்கள் குறைவு. ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத்தில் எத்தனையோ இசையமைப்பாளர்களுக்கு வாத்தியம் பிரித்து எழுதியவர். அப்போது திண்டுக்கல்லோடு ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய இளையராஜா, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் ஐந்து கோட்டு எழுத்தைக் கற்றபோதுதான் இந்த ஏற்பாடு உடைந்தது. டியூனும் அவருடையது, ஒவ்வொரு வயலினின் தாளும் அவருடையது. பம்பாயில் இரண்டாகப் பிரிந்திருந்த வேலை ‘அன்னக்கிளி’க்குப் (1976) பிறகு சென்னையில் ஒரு கையில் சேர்ந்தது. பம்பாயின் அரேஞ்சர்களில் சிலர் சொந்தமாக இசையமைத்துப் பார்க்காமல் இல்லை. சிக் சாக்லேட் ‘நாதான்’ (1951) படத்துக்கு இசையமைத்தார். மறுபடி உதவியாளராகவே அவர் அறியப்பட்டார்.

தயாரிப்பாளர்

பெர்னாண்ட் வேறு வழி எடுத்தார். இந்தியில் இடம் கேட்டு நிற்காமல், தன் தாய்மொழியில் தானே முதலாளியானார்.

கொங்கணியில் அதுவரை சினிமா என்று சொல்ல ஒரே ஒரு படம்தான் இருந்தது: ஏ.எல். ஜெர்ரி பிரகான்சா எடுத்து 1950 ஏப்ரல் 24 அன்று வெளியான ‘மொகாசோ ஆவ்டோ’. அடுத்த படத்துக்குப் பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. காரணம் எளிது. 1961 கணக்கெடுப்பில் சென்னை மாநிலத்து மக்கள்தொகை 3 கோடியே 37 லட்சம். கோவாவில் சுமார் 6 லட்சம். பம்பாயில் தங்கி வேலை பார்த்த கோவாக்காரர்களையும் மங்களூர்ப் பக்கத்துக் கொங்கணிக்காரர்களையும் சேர்த்தாலும், ஒரு தமிழ்ப் படம் மதுரை வட்டாரத்தில் மட்டும் பார்க்கும் கூட்டத்துக்கு ஈடாகுமா என்பது சந்தேகம். எழுத்தும் ஒன்றில்லை, கிறிஸ்தவர் ரோமன் எழுத்தில் எழுதினார்கள், இந்துக்கள் நாகரியில். கொங்கணி தனி மொழியா, மராட்டியின் கிளையா என்ற சண்டை வேறு. இந்த நிலத்தில் பணம் போட்டுப் படம் எடுக்க வியாபாரி எவரும் வரமாட்டார்.

ஆனால் நாடகம் இருந்தது. ‘தியாத்ர்’ எனப்படும் கொங்கணி மேடை நாடகம் 1892-ல் பம்பாயில்தான் பிறந்தது. காட்சிக்குக் காட்சி நடுவே பாட்டு வரும், அந்தப் பாட்டில் அரசியலும் ஊர்வம்பும் கேலியாக வரும், மேடைக்குக் கீழே டிரம்பெட்டும் டிரம்ஸும் இருக்கும். நம் ஸ்பெஷல் நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. பம்பாய் கோவாக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை அதில்தான் கழிந்தது. பெர்னாண்ட் தம் நடிகர்களை இங்கிருந்து எடுத்தார்: சி. அல்வாரெஸ், ரீட்டா லோபோ, ஜசிந்தோ வாஸ். இயக்கம் ஏ. சலாம். ரெக்கார்டிங்குக்கு ஆள் தேட வேண்டியதில்லை. பம்பாய் ஸ்டுடியோக்களில் அவரோடு வாசித்த அத்தனை பேரும் ஊர்க்காரர்கள். தினமும் இந்திக்கு வாசிக்கும் கைகள் ஒரு நாள் சொந்த மொழிக்கு வாசித்தன.

‘ஆம்செம் நொசீப்’ (‘நம் விதி’) 1963-ல் வந்தது. அந்தஸ்து குறுக்கே நிற்கும் காதல் கதை. கதையில் புதுமை பெரிதாக இல்லை. பாட்டுகள் நின்றுவிட்டன. ‘மொள்பாய்லோ தோவ்’ கோவாத் திருமண வீடுகளில் இன்றும் பேண்டுக்காரர் வாசிக்கும் பாட்டு. கோவாவின் மெதுவான மாண்டோ நடையும் பம்பாய் ஓட்டலின் நடன இசையும் இந்திப் பாட்டின் வயலின் வரிசையும் ஒன்றன் மேல் ஒன்றாக அவர் இசையில் கேட்கும். பல ஆண்டாக மூன்று இடத்தில் கற்றது முழுக்க அங்கே இருக்கிறது.

மூன்று ஆண்டு கழித்து வந்த ‘நிர்மோண்’ அதைவிடக் கனமான படம். கரு, ஆங்கிலக் கவி டென்னிசன் 1864-ல் வெளியிட்ட ‘ஈனாக் ஆர்டன்’ என்ற நெடுங்கவிதையின் கரு. கடலுக்குப் போனவன் கப்பல் உடைந்து காணாமல் போகிறான். பல ஆண்டு கழித்துத் திரும்பும்போது, அவன் செத்தான் என்று நம்பிய மனைவி வேறொருவனோடு வாழ்கிறாள். இங்கிலாந்துக் கதை கோவாவில் இவ்வளவு ஒட்டியதற்குக் காரணம் உண்டு. கப்பல் வேலைக்கு ஆள் அனுப்பாத கிறிஸ்தவக் குடும்பம் கோவாவில் அரிது. மாதக்கணக்கில் கடிதம் வராத வீடு, வாசலில் காத்திருக்கும் குழந்தைகள் என்றெல்லாம் எந்தக் கவிதையிலிருந்தும் எடுக்க வேண்டியதில்லை. இந்தப் படத்தின் ‘கிளாவ்தியா’ பாட்டு அடுத்த தலைமுறைவரை போனது. தேசியத் திரைப்பட விருதிலும் படத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது.

பிறகு நடந்தது வேடிக்கை. இந்திக்குக் கூலிக்கு எழுதிக்கொடுத்தவர் எடுத்த கொங்கணிப் படத்தை இந்திக்காரர்கள் வாங்கினார்கள். ராஜஸ்ரீ நிறுவனம் அதே ஏ. சலாமை வைத்து ‘தக்தீர்’ (1967) என்று அதைத் திரும்ப எடுத்தது. நாயகன் பாரத் பூஷண், இசை லட்சுமிகாந்த்-பியாரேலால். பியாரேலால், அந்தோணி கொன்சால்வெஸிடம் வயலின் கற்றவர். குருவின் பெயர்தான் ‘அமர் அக்பர் அந்தோணி’ (1977) படத்தில் அமிதாப் பச்சனின் பாத்திரத்துக்கு ஏறி நாடெங்கும் முழங்கியது. கோவா அரேஞ்சர்களில் பாமர மக்கள் வாயில் புகுந்த பெயர் அது ஒன்றே. அதுவும் அப்போது உயிரோடிருந்த ஒரு மனிதரின் பெயர் என்று பாடியவர்களில் பலருக்குத் தெரியாது.

படங்கள் வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1961-ல் கோவா இந்தியாவோடு சேர்ந்ததும் மகாராஷ்டிரத்தில் அதை இணைக்க வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தது. கொங்கணி மராட்டியின் பேச்சு வழக்கே என்பது அந்தக் குரலின் முக்கிய வாதம். 1967 ஜனவரி 16 அன்று மக்களிடமே கேட்டார்கள். இணைப்பு வேண்டாம் என்றோர் 1,72,191 பேர். வேண்டும் என்றோர் 1,38,170 பேர். இரண்டு படங்கள் ஒரு வாக்கெடுப்பைத் தீர்மானித்தன என்று சொல்வது மிகை. ரோமன் எழுத்து, நாகரி எழுத்துத் தகராறைத் தாண்டி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே மாதிரி கேட்கும் கொங்கணியைக் கொட்டகையில் ஒலிக்க வைத்தன என்பது மட்டும் உறுதி. திராவிட இயக்கம் சினிமாவைப் பயன்படுத்தியதை அறிந்த தமிழ் வாசகருக்கு, மேடைப்பேச்சு போன்ற வசனம் இல்லாமல் காதல் படத்தாலும் அந்த வேலை நடக்கும் என்பது புதிதாக இருக்கலாம். கோவா 1987 மே 30 அன்று தனி மாநிலமானது. கொங்கணி 1992-ல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஏறியது.

பின்வந்தவர்கள்

பெர்னாண்ட் திறந்த தடத்தில் நடந்த இன்னொரு டிரம்பெட்காரர் கிறிஸ் பெர்ரி (1928–2002). மட்காவ் பக்கத்து போர்டாக்காரர். இசையமைப்பு, குழுத் தலைமை, தயாரிப்பு மூன்றும் செய்தார். லோர்னா கோர்தேரோவின் குரலைக் கொங்கணிக்குக் கொடுத்தவர் அவரே. கொங்கணியின் முதல் வண்ணப் படமான ‘புயிராந்த்லோ முனீஸ்’ (1977) அவர் எடுத்தது. பெர்ரி, லோர்னா இருவரின் உறவையும் பழைய பாட்டுகளையும் வைத்து பார்ட்ராய் பரெட்டோ எடுத்த ‘நாச்சோம்-இயா கும்பாசார்’ (2014) தேசிய விருது வாங்கியது. பெர்ரியின் புகழ் பெரியது, அவர் வாழ்க்கையில் நாடகமும் அதிகம். வாத்தியம் பிரித்து எழுதும் கைத்திறனில் பெர்னாண்ட் அவருக்குச் சளைத்தவர் அல்லர். ‘நிர்மோண்’ இசையைக் கேட்டால் ஒரு படி மேல் என்றுகூடத் தோன்றும்.

பம்பாய் ஜாஸ் கலைஞர்களைப் பற்றிய ஞாபகம் இந்த நூற்றாண்டில்தான் நூல் வடிவம் பெற்றது. நரேஷ் பெர்னாண்டஸ் முதியவர்களான வாசிப்பாளர்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதியவை ‘தாஜ்மகால் ஃபாக்ஸ்ட்ராட்’ என்ற நூலாக வளர்ந்தன. நியூசிலாந்து ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் கிரகரி பூத், திரைக்குப் பின்னால் இருந்த வாத்தியக்காரர்களையும் அரேஞ்சர்களையும் பேட்டி கண்டு, யார் எந்த இசையமைப்பாளரிடம் எழுதினார், யார் எந்தக் குழலை ஊதினார் என்று பெயர் பெயராகப் பதிந்தார். அந்த நூல் 2008-ல் வெளிவந்தது, பெர்னாண்ட் தமது 87-ஆம் வயதில் காலமானதற்கு அடுத்த ஆண்டு.